இடம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லு

லேப்டாப்ல லினக்ஸ் வெச்சிருக்கீங்களா? இருந்தா, இதைப் படிக்கிறதை ரெண்டு நிமிஷம் நிறுத்திட்டு ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. ஃபர்ஸ்ட் இயர் சி லேப்ல எழுதின அதே 'ஹலோ வேர்ல்ட்' புரோகிராமை எடுங்க. அதோட அவுட்புட்டை ஸ்கிரீனுக்கு விடாம, 'டெவ்' டைரக்டரிக்குள்ள இருக்கிற 'ஃபுல்'ங்கிற ஃபைலுக்குத் திருப்பி விடுங்க. அந்த ஃபைல் ஒரு விசித்திரப் பிறவி. நிரம்பிப் போன டிஸ்க் மாதிரி நடிக்கிறதுக்குன்னே வெச்சிருக்காங்க. யார் என்ன எழுத வந்தாலும் "இடம் இல்லை"ன்னு திருப்பி அனுப்பிடும்.

இப்போ ரன் பண்ணுங்க. ஸ்கிரீன்ல என்ன வருது? ஒண்ணும் வராது. சரி, எக்சிட் கோடு என்னன்னு கேட்டுப் பாருங்க. சீரோ. அதாவது, "போன காரியம் நல்லபடியா முடிஞ்சுது சார்."

ஒரு எழுத்துகூட எங்கேயும் போய்ச் சேரலை. ஆனா புரோகிராம் வெற்றின்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. காரணம் சிக்கலானது இல்லை. பிரிண்ட்எஃப் எழுதுறதை உடனே வெளியே அனுப்பாது, ஒரு பஃபர்ல சேர்த்து வெச்சுக்கும். மெயின் ஃபங்ஷன் முடிஞ்ச பிறகுதான் அது மொத்தமா வெளியே போகும். அங்கேதான் "இடம் இல்லை"ங்கிற பதில் வருது. அந்த நேரத்துல அதைக் காது கொடுத்துக் கேட்க நம்ம கோடுல யாருமே இல்லை. இதையே 'எல்எஸ்' கமாண்டை வெச்சுப் பண்ணிப் பாருங்க. அது "எழுத முடியலை, டிவைஸ்ல இடம் இல்லை"ன்னு ஒழுங்கா கத்தும். ஏன்னா அதை எழுதினவங்க கடைசியில ஒரு தடவை "எல்லாம் போய்ச் சேர்ந்துச்சா?"ன்னு கேட்டு எழுதியிருக்காங்க. பைத்தான் 3-ம் முணுமுணுக்கும். நம்ம முதல் புரோகிராம் மட்டும்தான் வாயைத் திறக்காது. எல்லா காலேஜிலயும் முதல் நாளே இதைத்தான் சொல்லித் தராங்க.

டிஸ்க் நிரம்புறது ஒரு குத்தம் இல்லை. தண்ணித் தொட்டி நிரம்பும், டிஸ்க்கும் நிரம்பும். நிரம்பினதும் சிஸ்டம் எதைச் சொல்லுது, யார்கிட்ட சொல்லுதுங்கிறதுதான் விஷயம். இப்போ இருக்கிற மெசேஜ் எல்லாம் டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குன்னு சொல்லுது. முன்னாடி உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அது தேவையில்லை. "நான் இப்போ போட்ட என்ட்ரி என்னாச்சு?" அவருக்குத் தெரிய வேண்டியது அது ஒண்ணுதான். அதைச் சொல்லாத எரர் மெசேஜ், எரர் மெசேஜே இல்லைன்னு நான் சொல்வேன்.

இவ்வளவு கோபம் எதுக்குன்னு கேட்பீங்க. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு கம்பெனியில பதினஞ்சு நாள் இன்-பிளான்ட் டிரெய்னிங் போயிருந்தேன். பேர் வேண்டாம். இரும்பு ஸ்கிராப் வாங்கி உருக்குற இடம்னு மட்டும் வெச்சுக்குங்க. அந்தப் பக்கம் அப்படி நிறைய இருக்கு. வாசல்லயே எடை மேடை. லாரி லோடோட ஏறும், முதல் எடை எடுப்பாங்க, ஒரு ஸ்லிப் பிரிண்ட் ஆகும். உள்ளே போய்க் கொட்டிட்டு வெறும் வண்டியா திரும்ப ஏறும், ரெண்டாவது எடை. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு, அதுதான் காசு.

ஒருநாள் காலையில எடை மேடை கம்ப்யூட்டர்ல ஒரு சின்னப் பெட்டி வர ஆரம்பிச்சுது. இங்கிலீஷ்ல மூணு வரி. ஏதோ ஒரு ஆப்ஜெக்ட்டுக்கு இடம் ஒதுக்க முடியலையாம், 'பிரைமரி' ஃபைல்குரூப் நிரம்பிடுச்சாம், தேவையில்லாத ஃபைல்களை அழிக்கணுமாம். கீழே ஒரே ஒரு பட்டன், 'ஓகே'. சீட்ல இருந்த அக்கா ஓகே குடுத்தாங்க. பெட்டி போயிடுச்சு. ஸ்லிப் வழக்கம்போல பிரிண்டர்ல வந்துச்சு. அடுத்த லாரி, அதே பெட்டி, அதே ஓகே, அதே மாதிரி ஸ்லிப். வெளியே ஜிஎன்டி ரோடு வரைக்கும் வண்டி நிக்குது. அவங்க இடத்துல யார் இருந்தாலும் ஓகேதான் குடுத்திருப்பாங்க.

மதியத்துக்கு மேல முதல் வண்டி கொட்டிட்டுத் திரும்ப வந்துச்சு. ரெண்டாவது எடை போட வண்டி நம்பரை அடிச்சா, அப்படி ஒரு வண்டியே உள்ளே வரலைன்னு சிஸ்டம் சொல்லுது. டிரைவர் நெல்லூர் பக்கத்துக்காரர். கையில ஸ்லிப் இருக்கு. அதைத் தூக்கித் தூக்கிக் காட்டுறார். செக்யூரிட்டி அண்ணன் வாங்கிப் பார்த்தார். அதே நம்பர்ல இன்னொரு வண்டிக்கும் ஸ்லிப் இருக்கு. பிறகு பார்த்தா காலையில வந்த நாலு வண்டிக்கும் ஒரே நம்பர்.

"இன்னாபா இது, ஜெராக்ஸ் போட்டியா?"

"லேது அண்ணா, மேடம்தான் குடுத்தாங்க!"

"கம்ப்யூட்டர்ல உன் வண்டியே இல்லை. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

சரக்கு ஏற்கெனவே குவியல்ல கலந்தாச்சு. திரும்ப அள்ளி எடை போட வழி இல்லை. அந்த டிரைவர் ராத்திரி எட்டு மணி வரைக்கும் கேட்லயே உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போகும்போது ஏத்த வேண்டிய லோடு அதுக்குள்ள வேற வண்டிக்குப் போயிடுச்சு. கடைசியில அவரைக் காப்பாத்தினது செக்யூரிட்டி அண்ணனோட கோடு போட்ட நோட்டுப் புத்தகம். உள்ளே வந்த நேரம், வண்டி நம்பர் எல்லாம் பேனாவால எழுதி வெச்சிருந்தார். லோடு ஏத்தின இடத்து எடைச் சீட்டையும் சேர்த்து வெச்சுப் பார்த்து சூப்பர்வைசர் விட்டார்.

உள்ளே நடந்தது இதுதான். அந்த சாஃப்ட்வேர் டேட்டாபேஸ்ல எழுதப் பார்க்குது, முடியலை, பெட்டி காட்டுது, ஓகே குடுத்ததும் எதுவும் நடக்காத மாதிரி அடுத்த வரிக்குப் போயிடுது. அடுத்த வரி பிரிண்ட். பிரிண்ட் ஆகிறது ஸ்கிரீன்ல இருக்கிற எண்கள், டேட்டாபேஸ்ல இருக்கிறது இல்லை. ஸ்லிப் நம்பர் எப்படி வருதுன்னா, கடைசியா பதிவான நம்பரோட ஒண்ணு கூட்டி. எதுவுமே பதிவாகலைன்னா எல்லாருக்கும் அதே நம்பர்தானே.

இதுல இன்னொரு கூத்து. டி டிரைவ்ல 300 ஜிபிக்கு மேல காலியா கிடந்துச்சு. "இடம்தான் இருக்கே, அப்புறம் என்ன ஃபுல்?"னு எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அங்கே ஓடினது எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ், இலவசப் பதிப்பு. 2022 பதிப்பு வரைக்கும் அதுல ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல வளர முடியாது. ஒவ்வொரு லாரியையும் கேமராவுல படம் பிடிச்சு அந்தப் படத்தையும் டேட்டாபேஸுக்குள்ளயே போட்டு வெச்சிருந்தாங்க. வருஷக்கணக்கா சேர்ந்து 10 ஜிபி ஆச்சு. மெசேஜ் சொல்ற மாதிரி டிரைவ்ல இருக்கிற ஃபைல்களை அழிச்சிருந்தா ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. மறுநாள் ஏஎம்சி ஆள் வந்து பழைய படங்களை எல்லாம் வெளியே எடுத்தார், சரியாச்சு.

சிஸ்டம் வாயை மூடினா பழி மனுஷன் மேல விழுது, எனக்கு உறுத்தினது அதுதான். இதோட பெரிய வடிவத்தை பிரிட்டன்ல பார்த்தாங்க. அங்கே தபால் நிலையங்கள்ல ஓடின 'ஹொரைசன்'ங்கிற சாஃப்ட்வேர் காட்டின தப்பான கணக்கை நம்பி, 1999-லிருந்து 2015 வரைக்கும் 900-க்கும் மேற்பட்ட சப்-போஸ்ட்மாஸ்டர்களைத் திருடன்னும் பொய்க்கணக்கு எழுதினவன்னும் தண்டிச்சாங்க. 2024-ல பார்லிமென்ட்டே தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து பண்ண வேண்டியதாச்சு. அது டிஸ்க் பிரச்சினை இல்லைதான். ஆனா "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"ங்கிற அதே கேள்விதான்.

"சின்ன கம்பெனி, ஓசி டேட்டாபேஸ், அப்படித்தான் இருக்கும்"னு சிலர் சொல்வாங்க. சரி, டொயோட்டாவைப் பார்ப்போம். 2023 ஆகஸ்ட் 29 அன்னைக்கு ஜப்பான்ல இருக்கிற அவங்களோட 14 தொழிற்சாலையும் நின்னுபோச்சு. உதிரி பாகங்களுக்கு ஆர்டர் போடுற சர்வர்கள் வேலை செய்யலை. அதுக்கு முந்தின வருஷம்தான் அவங்க சப்ளையர் ஒருத்தர் மேல சைபர் தாக்குதல் நடந்து இதே 14 தொழிற்சாலை ஒருநாள் நின்னிருந்துச்சு. அதனால இந்தத் தடவையும் எல்லாருக்கும் முதல் சந்தேகம் அங்கேதான் போச்சு. செப்டம்பர் 6-ல கம்பெனி விளக்கம் கொடுத்துச்சு. ஆகஸ்ட் 27 பராமரிப்பு வேலையில டேட்டாபேஸ்ல சேர்ந்து கிடந்த டேட்டாவை அழிச்சு ஒழுங்குபடுத்தியிருக்காங்க, அப்போ டிஸ்க் இடம் பத்தாம எரர் வந்து சிஸ்டம் நின்னுடுச்சு. பேக்கப்புக்கு மாறலாம்னா, அதுவும் அதே அமைப்புல ஓடினதால அதுவும் அதே மாதிரி விழுந்துடுச்சு. பெரிய சர்வர் ஒண்ணுக்கு டேட்டாவை மாத்தின பிறகுதான் மறுநாள் தொழிற்சாலைகள் திறந்துச்சு.

கவனிச்சீங்களா, டேட்டாவை அழிக்கும்போது இடம் பத்தலை! முதல் தடவை படிச்சப்போ எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. ஆனா டேட்டாபேஸ் வேலை செய்யிற விதத்தைப் பார்த்தா சிரிக்க ஒண்ணும் இல்லை. ஒரு டேட்டாபேஸ் எதை அழிக்கும்போதும் "இதை அழிக்கப் போறேன்"னு முதல்ல லாக்ல எழுதும். நடுவுல கரன்ட் போனா திரும்ப வரணுமே. அந்த லாக் எழுதவும் இடம் வேணும். வீடு முழுக்கச் சாமான் அடைச்சு வெச்சுட்டா, காலி பண்றதுக்குக்கூட நிக்க இடம் இல்லாத மாதிரி. இது தெரியாம "ஃபைல்களை அழிங்க"ன்னு மெசேஜ் போடுறது பாதி வழி காட்டுறதுதான்.

இங்கே பழைய பைக்கை நினைச்சுக்குங்க. பெட்ரோல் தீர்ந்து திணறும்போது கீழே கையை விட்டு நாப்பை ரிசர்வுக்குத் திருப்புவாங்களே, அப்பா காலத்து வண்டி. அந்த ரிசர்வ் ஊர் சுத்த இல்லை, பங்க் வரைக்கும் போய்ச் சேர. லினக்ஸோட எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம்ல இந்த ரிசர்வ் இருக்கு. சும்மா ஃபார்மட் பண்ணினாலே 5% இடத்தை ரூட் யூசருக்குன்னு தனியா எடுத்து வெச்சுடும். மத்தவங்களுக்கெல்லாம் டிஸ்க் ஃபுல்னு ஆன பிறகும், அட்மின் உள்ளே வந்து சுத்தம் பண்ண அந்த இடம் உதவும். நாம எழுதுற அப்ளிகேஷன்லயும் இப்படி ஒரு ரிசர்வ் ஏன் இருக்கக் கூடாது? கையில இருக்கிற என்ட்ரியை முடிச்சு, என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி எழுதி வெச்சுட்டு, கடையை ஒழுங்கா சாத்துற அளவுக்கு. முன்கூட்டியே இடம் பிடிச்சு வைக்க ஆபரேட்டிங் சிஸ்டத்துலயே கால் இருக்கு. 'ஃப்ரீ ஸ்பேஸ் எவ்வளவு'ன்னு கேட்டுட்டு எழுதப் போறது அன்ரிசர்வ்டு பெட்டியில எட்டிப் பார்த்துட்டு சீட் இருக்குன்னு நம்புற மாதிரி. நீங்க ஏறுறதுக்குள்ள வேற எவனாவது துண்டு போட்டிருப்பான். முதல்லயே இடத்தை ஒதுக்கி வாங்கிக்கிறதுதான் கன்ஃபர்ம்டு டிக்கெட்.

சரி, யூனிக்ஸ் உலகத்துல இந்த எரருக்கு நம்பர் 28. மெசேஜ் ஒண்ணே ஒண்ணு, "டிவைஸ்ல இடம் மீதி இல்லை". டிஸ்க் நிஜமாவே நிரம்பினாலும் இதுதான். குட்டிக் குட்டி ஃபைல்கள் லட்சக்கணக்குல சேர்ந்து ஐநோடு தீர்ந்து போனாலும் இதுதான், அப்போ டிஸ்க்ல பாதி காலியா இருக்கும். ரியாக்ட் ப்ராஜெக்ட் ரன் பண்ணும்போது இந்த எரரைப் பார்த்துப் பதறி, ஃபோட்டோ, படம், கேம்னு எல்லாத்தையும் டிலீட் பண்ண நண்பர்கள் ஹாஸ்டல்ல உண்டு. அங்கே தீர்ந்து போனது டிஸ்க்கே இல்லை. எத்தனை ஃபைலைக் கண்காணிக்கலாம்ங்கிற கெர்னல் வரம்பு. அதுக்கும் கெர்னல் இதே 28-ஐத்தான் திருப்பித் தருது. பிற்பாடு நோட் ஜேஎஸ்காரங்க "ஃபைல் வாட்ச்சர் வரம்பை எட்டிட்டீங்க"ன்னு விளக்கி எழுத ஆரம்பிச்சாங்க, புண்ணியமா போச்சு. நம்பர் அதேதான், பக்கத்துல போட்ட ஒரு வாக்கியம் எத்தனை பேரோட ராத்திரியை மிச்சம் பண்ணிச்சு!

இந்தியாக்காரங்க ஃபோன் விஷயத்துலயும் இப்படி ஒரு நல்ல காரியம் நடந்திருக்கு. 'குட் மார்னிங்' படங்கள் வந்து குவிஞ்சு நம்ம ஊர் ஃபோன் எல்லாம் நிரம்புதுன்னு 2018 ஜனவரியில வால் ஸ்ட்ரீட் ஜர்னலே எழுதுச்சு. ரோஜாப்பூ, சூரியன், பிள்ளையார், உங்க ஃபேமிலி குரூப்பைத் திறந்து பாருங்க. கூகுள் அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் 'ஃபைல்ஸ் கோ'ங்கிற ஆப்பை விட்டிருந்துச்சு. அது "இடம் இல்லை"ன்னு மட்டும் சொல்லிட்டு நிக்கலை. இதெல்லாம் வாட்ஸ்அப்ல வந்த படம், இதெல்லாம் ரெண்டு தடவை இருக்கு, அழிச்சா இவ்வளவு கிடைக்கும், அழிக்கட்டுமான்னு கேட்டுச்சு. எங்க பெரியம்மாவே தனியா பண்ணிக்கிறாங்க. அவங்களுக்கு ஃபைல் சிஸ்டம்னா என்னன்னு தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். "எண்பது பர்சென்ட் தாண்டினா அட்மினுக்கு மெயில் போற மாதிரி வெச்சுட்டா முடிஞ்சுது, ஆபரேட்டர்கிட்ட எதுக்கு இதெல்லாம்?" பெரிய ஐடி கம்பெனியில சரி. திருவள்ளூர் பக்கத்துல காக்களூர் எஸ்டேட்லயும் கும்மிடிப்பூண்டியிலயும் இருக்கிற நூறு சின்ன யூனிட்ல அட்மின் யாரு? மாசத்துக்கு ஒருநாள் வர்ற ஏஎம்சி அண்ணன். அவருக்குப் போற அலர்ட் மெயில் ஆஃபர் மெயில்களுக்கு நடுவுல செத்துக் கிடக்கும். அங்கே சிஸ்டத்துக்கு முன்னாடி 24 மணி நேரமும் இருக்கிறது ஷிஃப்ட் ஆபரேட்டர்தான். அதனால அவருக்குப் புரியிற மாதிரி சொல்லணும். அந்த ஏரியாவுல வேலை செய்யிறவங்கள்ல பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவங்க ஏராளம். தமிழ்ல போட்டா மட்டும் போதாது, இந்தியிலயும் ஒடியாவிலயும் போடணும். பத்து பட்டனுக்குப் பெயிண்ட் அடிக்கிற நேரத்துல ஒரு வாக்கியத்தை நாலு மொழியில எழுதிடலாம்.

எழுதாம காத்திருக்கிறதா, உடனே ஃபெயில் ஆகிறதாங்கிறதுலயும் சண்டை இருக்கு. மைஎஸ்கியூஎல் டிஸ்க் நிரம்பினா நிமிஷத்துக்கு ஒரு தடவை இடம் வந்துச்சான்னு பார்த்துட்டுக் காத்திருக்கும் பழக்கம் உள்ளது. டேட்டா போகாது, உண்மைதான். ஆனா எடை மேடையில அது 'ஹேங்'காத் தெரியும், யாராவது ஸ்விட்சை ஆஃப் பண்ணுவாங்க, கதை கந்தல். எடை மேடை மாதிரி இடத்துல உடனே, சத்தமா ஃபெயில் ஆகிறதுதான் சரின்னு நினைக்கிறேன். "இந்த வண்டி பதிவாகலை. ஸ்லிப் வராது. இதுக்கு முன்னாடி போட்ட வண்டிகள் பத்திரமா இருக்கு. நோட்டுல எழுதிட்டு இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்க." நாலு வாக்கியம். 'ஓகே'ங்கிற பட்டன் வேண்டாம், எதுவுமே ஓகே இல்லாத இடத்துல அது எதுக்கு? 'சேமிக்காமல் மூடு'ன்னு போடுங்க. அழுத்துற கை ஒரு நொடி நிக்கும்.

இந்த செமஸ்டர் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்றவங்களுக்கு ஒரு வேலை. லினக்ஸ்ல டெம்ப்எஃப்எஸ் வெச்சு வெறும் 10 எம்பி சைஸ்ல ஒரு குட்டி டிஸ்க்கை மவுன்ட் பண்ணுங்க, ஒரே கமாண்ட்தான். உங்க ப்ராஜெக்ட்டோட டேட்டா ஃபோல்டரை அங்கே வெச்சுட்டு, ஃபோட்டோவா அப்லோடு பண்ணிக்கிட்டே போங்க. பத்தாவது எம்பி தாண்டும்போது ஸ்கிரீன்ல என்ன வருதுன்னு பாருங்க. எங்க கிளாஸ்ல மூணு டீம் விளையாட்டா இதைப் பண்ணாங்க. ஒண்ணு வெள்ளை ஸ்கிரீன் ஆச்சு. இன்னொண்ணு சுத்திக்கிட்டே இருந்துச்சு. மூணாவது, ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் ஆப், "வெற்றிகரமாகப் பதிவு செய்யப்பட்டது"ன்னு பச்சைக் கலர்ல காட்டுச்சு. டேட்டாபேஸ்ல அப்படி ஒரு பேஷன்ட்டே இல்லை. வைவாவுக்கு முன்னாடி அந்தப் பச்சைப் பெட்டி எந்த வரியிலிருந்து வருதுன்னு தேடிப் பாருங்க. அனேகமா சேவ் பண்ற வரிக்கு அடுத்த வரியா இருக்கும், அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு 'இஃப்' இருக்காது.